பெட்டகசாலையில் ஒரு தகரப் பெட்டி: அறுபது வயது மாதிரி ரயில் கிட்களைத் திறந்ததும் கட்டியதும்

பின்னணி

கானாடுகாத்தானை ஒட்டிய ஊர் ஒன்றில் நான்கு பங்காளிகளுக்குப் பொதுவான வீடு அது. முகப்பு, வளவு, இரண்டாம் கட்டு, மூன்றாம் கட்டு என்று ஒரு தெருவில் தொடங்கி மறு தெருவில் முடிகிற வீடு. ஆண்டில் பத்து மாதம் பூட்டிக் கிடக்கும். பங்காளிகளில் மூத்தவர் சென்னையில் இருக்கிறார். அடுத்து வந்த தையில் அவருக்கு அறுபது நிறையவிருந்தது. சாந்தியை, அதாவது அறுபதாம் கல்யாணத்தை, பூர்விக வீட்டில்தான் நடத்த வேண்டும் என்று அவர் பிடிவாதமாக இருந்ததால், ஓடு மாற்றவும் சுவர் பூசவும் பங்குனியிலேயே ஆட்கள் இறங்கினார்கள். அறைகளைக் காலி செய்தபோது பெட்டகசாலைப் பரணில், எனாமல் தூக்குகளுக்கும் கிழிந்த ஜமக்காளங்களுக்கும் பின்னால் ஒரு தகர டிரங்குப் பெட்டி அகப்பட்டது.

உள்ளே பாத்திரமும் இல்லை, பத்திரமும் இல்லை. அட்டைப் பெட்டிகளும் பிளாஸ்டிக் உறைகளும் இருந்தன. ரயில் எஞ்சின் படம் போட்ட பெட்டியைப் பார்த்து விளையாட்டுச் சாமான் என்று ஓரமாக வைத்துவிட்டார்கள். பெட்டி மூத்தவருடைய ஐயாவுடையது, அதாவது அப்பாவைப் பெற்ற தாத்தாவுடையது. பினாங்கில் கடை வைத்திருந்தவர். ஊருக்கு வரும்போதெல்லாம் எதையாவது பெட்டி நிறையக் கொண்டுவருவாராம்.

நான் இதில் நுழைந்த வழி எளியது. பாலிடெக்னிக் பட்டறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன்; மாதிரி ரயில் கட்டுவது நாற்பது ஆண்டுப் பழக்கம். பங்காளி வீட்டுப் பையன் ஒருவன், பத்தாம் வகுப்பு, என்னிடம் மரவேலை பழக வந்துகொண்டிருந்தான். அவன்தான் பெட்டியைப் படம் எடுத்து எனக்கு அனுப்பினான். அதற்குள் காரைக்குடியிலிருந்து ஒரு பழம்பொருள் வியாபாரி வந்து போயிருந்தார். எனாமல் சாமான்களோடு டிரங்குப் பெட்டியையும் சேர்த்து ஒரே விலை பேசியிருந்தார். அவர் கண் பெட்டிக்குள் இருந்தவற்றின் மீது இல்லை, தகரப் பெட்டியின் மீதுதான் இருந்தது என்பது பையனின் கணிப்பு. எனக்கும் அப்படித்தான் தோன்றியது.

முதல் நாள் பார்த்தவை

நான் போன அன்று பெட்டியை வளவில் பட்டாலை என்னும் உயர்ந்த திண்ணைமீது வைத்திருந்தார்கள். எதையும் வெளியே எடுக்காமல் மேலிருந்து அடுக்கடுக்காகப் படம் எடுக்கச் சொன்னேன். எது எதற்கு மேல் இருந்தது என்பதுகூட ஒரு தகவல். ஒரு முறை கலைத்துவிட்டால் அது திரும்ப வராது. அந்த ஒரு விஷயத்தில் அன்று சரியாக நடந்துகொண்டோம். பிற்பாடு எல்லாவற்றிலும் அப்படி நடந்துகொண்டோம் என்று சொல்ல முடியாது.

மேல் அடுக்கில் ஏர்ஃபிக்ஸ் நிறுவனத்தின் பாதையோரக் கிட்கள் நான்கு. கிட் என்றால் துண்டு துண்டாக வரும், நாமே ஒட்டிக் கட்டிக்கொள்ள வேண்டிய மாதிரி. காகிதத் தலைப்பு வைத்துப் பின் அடித்த பிளாஸ்டிக் உறைகள். நடைமேடையும் லெவல் கிராசிங்கும் உறை பிரியாமல் இருந்தன. சிக்னல் அறையின் உறை கிழிந்து துண்டுகள் சிதறிக் கிடந்தன. நடைமேம்பாலம் உறையிலேயே இல்லை; பாதி கட்டிய நிலையில் ஒரு பிஸ்கட் டப்பாவுக்குள் இருந்தது. அதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

அடுத்த அடுக்கில் கிட்மாஸ்டர் என்ற பெயரில் வந்த பிளாஸ்டிக் எஞ்சின் கிட்கள் இரண்டு. ஒன்று 1829இல் ரெயின்ஹில் போட்டியில் வென்ற ஸ்டீபன்சனின் ராக்கெட். மற்றது பக் என்று செல்லப் பெயர் பெற்ற குட்டி எஞ்சின்: லங்காஷயர் அண்டு யார்க்ஷயர் ரயில்வே துறைமுகங்களில் வண்டி தள்ளுவதற்கு வைத்திருந்த நாலு சக்கர வண்டி, கொதிகலன்மேல் சேணம் போட்டதுபோலத் தண்ணீர்த் தொட்டி. ராக்கெட் முழுமையாக இருந்தது. துண்டுகள் தம்மைச் சேர்த்துப் பிடித்திருக்கும் பிளாஸ்டிக் சட்டத்தை விட்டு இன்னும் பிரியவில்லை, விளக்கத் தாளும் இருந்தது. பக் பெட்டியின் ஒரு மூலையைக் கரையான் தின்றிருந்தது, விளக்கத் தாளில் பாதியும் போயிருந்தது. பிளாஸ்டிக்கைக் கரையான் தொடவில்லை.

அதற்கும் கீழே லேபிள் கிழிந்த நீளப் பெட்டி ஒன்று. உள்ளே மெல்லிய மரச் சட்டங்கள், கோடு கீறிய மரப் பலகைகள், சிறிய உலோக வார்ப்புகள், எழுத்து ஒட்டும் தாள். அமெரிக்கப் பாணி மூடிய சரக்கு வண்டி. எல்லாவற்றுக்கும் அடியில் ஹார்ன்பி டப்ளோவின் மூன்று தண்டவாளத் தகரப் பாதை ஆறு துண்டுகளும், மின்சாரத்தைக் குறைத்துக் கொடுக்கும் கட்டுப்பாட்டுப் பெட்டி ஒன்றும். ஓடுகிற எஞ்சின் ஒன்றுகூட இல்லை. பாதை வாங்கியவர் எஞ்சின் வாங்காமல் விட்டது ஏன் என்று வீட்டில் யாருக்கும் தெரியவில்லை.

கட்டுப்பாட்டுப் பெட்டியின் மின்கம்பியைத் தொட்டதும் மேலிருந்த ரப்பர் உறை கருப்பட்டித் தூள் போல உதிர்ந்தது. "சார், பிளக்கில் சொருகிப் பார்க்கலாமா?" என்றான் பையன். கம்பியை அப்போதே வெட்டி எடுத்துவிட்டேன். இப்படி ஒரு பெட்டி வீட்டில் கிடைத்தால் வேறெதைச் செய்வதற்கும் முன் செய்ய வேண்டியது அதுதான்.

காலக் கணக்கு

வீட்டில் இருந்தவர்கள் இவற்றை "வெள்ளைக்காரன் காலத்துச் சாமான்" என்றே சொல்லிக்கொண்டிருந்தார்கள். அது சரியில்லை என்பதைப் பெட்டிகளே காட்டின. கிட்மாஸ்டர் என்ற பெயர் 1959இல்தான் கடைக்கு வந்தது. இங்கிலாந்தில் நார்தாம்ப்டன்ஷயரின் ராண்ட்ஸ் ஊரில் பொம்மை செய்துகொண்டிருந்த ரோஸ்பட் நிறுவனம் தொடங்கியது அது. 1962இல் துண்டுகளை வார்க்கும் அச்சுகள் ஏர்ஃபிக்ஸுக்குக் கைமாறின. ஆகவே ஐயா இவற்றை வாங்கியது பெரும்பாலும் 1959க்கும் 1962க்கும் இடையில். மூன்று தண்டவாளப் பாதையும் இதற்கு ஒத்துப்போகிறது. ஹார்ன்பி டப்ளோ 1938இல் மூன்று தண்டவாளத்தோடு தொடங்கி, 1959இல் இரண்டு தண்டவாளத்துக்கு மாறத் தொடங்கியது. பழைய வகைப் பாதையைக் கடைக்காரர் மலிவாகத் தள்ளியிருக்கலாம். இந்தக் கடைசி வரி என் ஊகம் மட்டுமே.

தேதியை இவ்வளவு துருவியதற்குக் காரணம் உண்டு. அச்சு இன்னும் உயிரோடு இருக்கிறதா என்ற கேள்விக்கு அது நேராகக் கொண்டுபோய் விடுகிறது. ஏர்ஃபிக்ஸ் வைத்திருந்த இந்த அச்சுகளில் பல 1980களில் டேபோல் என்ற நிறுவனத்துக்குப் போயின. பக், சிக்னல் அறை, நடைமேடை, நடைமேம்பாலம், லெவல் கிராசிங் ஆகியவை டேபோல் பெயரில் பிற்பாடும் விற்பனைக்கு வந்திருக்கின்றன. அதாவது வடிவம் அரிதானதல்ல. அரிதானது அந்த உறையும், காகிதத் தலைப்பும், பிரியாத பின்னும்தான். இதைப் புரிந்துகொண்ட பிறகுதான் எதைக் கட்டலாம், எதைத் தொடக் கூடாது என்று பேசவே முடிந்தது.

எடுத்த முடிவுகளும் காரணமும்

மூத்தவர் சென்னையிலிருந்து வந்தபோது மூவரும் உட்கார்ந்து பேசினோம். அவர் ஆசை தெளிவாக இருந்தது: தையில் விருந்தினர் வரும்போது முகப்பில் ஒரு கண்ணாடிப் பேழை, அதற்குள் ஐயாவின் ரயில் நிலையம். எல்லாக் கிட்களையும் திறந்து கட்டிவிட வேண்டும்.

நான் மறுத்தேன். முழுமையாக இருப்பவை அப்படியே இருக்கட்டும், ஏற்கெனவே குலைந்தவற்றைக் கட்டுவோம் என்றேன். ராக்கெட், நடைமேடை, லெவல் கிராசிங் மூன்றும் திறக்கப்படாது. பக், சிக்னல் அறை, மரவண்டி மூன்றும் கட்டப்படும். பாலத்தை என்ன செய்வது என்று அன்று முடிவாகவில்லை. நடைமேடை இல்லாமல் ரயில் நிலையம் இல்லை. எனவே இன்றைய வார்ப்பில் ஒரு நடைமேடை வாங்கிக் கட்டிவிடலாம் என்றேன்.

"பழசைப் பூட்டி வைத்துவிட்டுப் புதிதைக் கட்டுவதா? அப்புறம் அது எங்கள் ஐயாவுடையது என்று எப்படிச் சொல்வது?" என்று கேட்டார். நியாயமான கேள்வி. திறக்காத உறைகளையும் பேழையின் பின்சுவரில் வைத்துவிடலாம், பார்ப்பவருக்கு இரண்டும் தெரியும் என்று சொன்னேன். அரைமனதாக ஒப்புக்கொண்டார்.

நிலையத்துக்குச் செட்டிநாடு என்று பெயர்ப் பலகை வைக்க வேண்டும் என்றும் விரும்பினார். திருமயத்துக்கும் காரைக்குடிக்கும் நடுவே அந்தப் பெயரில் நிலையம் இருக்கிறது. அந்தக் காலத்தில் மீட்டர்கேஜ் பாதை. கிட்களோ முழுக்க ஆங்கிலேய நாட்டுப்புறம். அளவு பார்த்தாலும் பொருந்தாது. ஏர்ஃபிக்ஸும் கிட்மாஸ்டரும் ஓ.ஓ. அளவு, அதாவது 76இல் ஒரு பங்கு. அந்த அளவில் மீட்டர்கேஜ் என்றால் தண்டவாள இடைவெளி சுமார் 13 மில்லிமீட்டர் இருக்க வேண்டும். கையில் இருந்த பாதையோ 16.5. இங்கிலாந்தின் சொந்த அகலத்துக்கே அது பொருந்தாது என்பது வேறு கதை, 16.5 சரியாக வருவது 87இல் ஒரு பங்கான எச்.ஓ. அளவுக்கு. நான் கணக்குப் போட்டுக் காட்டிக்கொண்டிருந்தபோது அவர் முகம் வாடியதைக் கவனித்தேன். பெயர்ப் பலகையைத் தனியாகக் கழற்றி மாட்டும்படி செய்வது என்று முடித்துக்கொண்டோம். சரியான அளவுக்காக ஒரு மனிதரின் மணிவிழாவைக் கசப்பாக்க வேண்டியதில்லை.

மரவண்டி எச்.ஓ. அளவு என்பதும் அன்றுதான் பையனுக்கு உறைத்தது. 170 சென்டிமீட்டர் உயர ஆள் ஓ.ஓ. அளவில் 22 மில்லிமீட்டருக்குச் சற்று மேல், எச்.ஓ. அளவில் 19.5. பக் எஞ்சினுக்குப் பின்னால் இந்த வண்டியை மாட்டினால் அண்ணன் சட்டையைத் தம்பி போட்டதுபோல ஏதோ ஒன்று இடிக்கும். வண்டியைச் சற்றுத் தள்ளி, தனிக் கிளைப் பாதையில் நிறுத்தினால் கண்ணை உறுத்தாது என்று தீர்மானித்தோம்.

சித்திரையில் நடந்த தவறு

சிக்னல் அறையில் தொடங்கினோம். அச்சிலிருந்து எளிதில் கழல்வதற்காகப் பூசும் எண்ணெய்ப் பசை பழைய பிளாஸ்டிக்கில் ஒட்டியிருக்கும். செம்மண் புழுதி வேறு. சோப்புத் தண்ணீரில் பழைய பல் துலக்கியால் தேய்த்துக் கழுவினோம். அதுவரை சரி. "வளவு வாசலில் காயவை, சாப்பிட்டு வந்து வெட்டலாம்" என்று சொன்னது நான்தான்.

அக்னி நட்சத்திரம் நடந்துகொண்டிருந்த நேரம். வளவு வாசல் என்றால் மேலே திறந்த முற்றம். நடுப்பகலில் அந்தக் கல்தரையில் வெறுங்காலை வைக்க முடியாது. பாலிஸ்டைரீன் முழுதாக இளகுவதற்கு 100 டிகிரி அளவுக்குச் சூடு வேண்டும்தான். ஆனால் அச்சில் அழுத்தி வார்க்கும்போது உள்ளுக்குள் இறுகிய இழுவிசை, மெல்லிய துண்டுகளில் அதற்கு முன்பே தளரத் தொடங்கிவிடுகிறது. சுட்ட கல்லும் அடர்நிற பிளாஸ்டிக்கும் நேர் வெயிலும் சேர்ந்தால் போதும். இரண்டு மணி நேரம் கழித்து வந்து பார்த்தோம். சுவர்கள் தப்பியிருந்தன. படிக்கட்டின் பக்கப் பலகைகள் அப்பளம்போல வளைந்திருந்தன. கைப்பிடிக் கம்பிகள் சுருண்டுவிட்டன.

பையன் ஒன்றும் சொல்லவில்லை. நானும்தான். நாற்பது ஆண்டு அனுபவம் என்று முன்னால் எழுதியிருக்கிறேன். அதைப் படிப்பவர் இந்தப் பகுதியையும் சேர்த்தே படிக்க வேண்டும்.

பக்கப் பலகைகளை மீட்க முடிந்தது. கை பொறுக்காத சூட்டில், 70 டிகிரி அளவுத் தண்ணீரில் சிறிது நேரம் வைத்து, இளகியதும் சமதளத்தில் அழுத்தி ஆறவிட வேண்டும். சமதளத்துக்கு எங்கும் அலைய வேண்டியிருக்கவில்லை. புதுப்பிக்கும் வேலைக்கு வந்திருந்த ஆத்தங்குடிக் கல் வெளித்திண்ணையில் அடுக்கியிருந்தது. கண்ணாடிமேல் வண்ணக் கலவையை ஊற்றி வார்க்கும் கல் அது, சூளையில் சுடுவதில்லை, முகம் கண்ணாடி போலவே மட்டமாக இருக்கும். இரண்டு கற்களின் முகங்களை எதிரெதிராக வைத்து நடுவே பலகைகளைச் சொருகி, மேலே ஓர் அம்மிக் குழவி. மறுநாள் காலையில் முக்கால்வாசி நேராகியிருந்தன. மீதி வளைவு ஒட்டும்போது அடங்கிவிட்டது.

கைப்பிடிகள் போனவை போனவைதான். அவற்றுக்குப் பழைய உபாயம் ஒன்று உண்டு. துண்டுகளை வெட்டியெடுத்த பிறகு மிஞ்சும் சட்டத்தை அகல் விளக்குச் சுடருக்கு மேலே, சுடர் படாமல், உருட்டிச் சூடாக்கி, இளகியதும் இரு கையாலும் மெதுவாக இழுத்தால் நூல் போல நீளும். அதே பிளாஸ்டிக், அதே நிறம். பத்துப் பதினைந்து முறை அறுந்த பிறகு பையன் கைக்கு வசப்பட்டது. அவன் இழுத்த கம்பிதான் இப்போது படிக்கட்டில் இருக்கிறது. அச்சில் வந்ததைவிட மெலிந்தது, உண்மைக்கு நெருக்கமும்கூட.

பசை விஷயத்தில் சிரமம் குறைவு. உள்ளூரில் கிடைத்த குழாய்ப் பசையை முதலில் சட்டத்தின் ஒரு துண்டில் சோதித்தோம்; பிளாஸ்டிக்கைக் கரைத்துக் குழைத்துவிட்டது. உடனொட்டிப் பசையும் தள்ளுபடி: அதன் ஆவி கண்ணாடித் துண்டுகளில் வெண்படலம் படியவைக்கும். பாலிஸ்டைரீனுக்கென்றே உள்ள பசையைச் சென்னையிலிருந்து வரவழைத்தோம். ஜன்னலுக்கான தெளிந்த தாள் பழுப்பேறிப்போயிருந்ததால், பள்ளியில் தூக்கிப் போட்ட புரொஜெக்டர் தாளிலிருந்து வெட்டிக்கொண்டோம்.

பக் எஞ்சின் வைகாசியில் பெரிய சிக்கல் இல்லாமல் முடிந்தது. விளக்கத் தாளில் தொலைந்த பாதிக்குப் பதிலாக, துண்டுகளை மேசைமீது பரப்பி, எது எதில் பொருந்தும் என்று ஒட்டாமலேயே இரண்டு முறை சேர்த்துப் பார்த்தோம்.

மரவண்டி

அந்த நீளப் பெட்டியைத் திறந்தபோது எனக்கு வந்த மகிழ்ச்சியை மறைப்பதற்கில்லை. பிளாஸ்டிக் வருவதற்கு முந்திய தலைமுறையின் வேலை முறை அது. உண்மையில் நாற்பது அடி நீள வண்டி. கையில் வந்தால் 14 சென்டிமீட்டர். பாஸ்வுட் என்னும் மென்மரத்தில் அடித்தளமும் கூரையும் கடைந்து கொடுத்திருப்பார்கள். மீதி எல்லாம் நாமே அளந்து வெட்ட வேண்டும். சக்கரமும் கொக்கியும் பெட்டியில் இல்லை. தொலைந்துபோயின என்று பையன் தேடினான். தொலையவில்லை; இந்த வகைக் கிட்கள் பலவற்றில் அவற்றைத் தனியாகத்தான் வாங்க வேண்டும்.

உலோக வார்ப்புகள் அடைத்த காகித உறையில் வெள்ளைப் பொடி இருந்தது. பையன் அதைப் புழுதி என்று ஊதப் போனான், தடுத்தேன். ஈயம் கலந்த வார்ப்பு மரத்தோடும் அட்டையோடும் மூடிய பெட்டியில் ஆண்டுக்கணக்கில் கிடந்தால், அவை விடும் அமில ஆவி ஈயத்தை அரித்து வெண்பொடியாக்கும். ஈயக் கார்பனேட் அது. மூச்சிலோ வாயிலோ போகக் கூடாது. கையுறை போட்டு, ஈரத் துணிமேல் வைத்து, பையனை எட்ட நிற்கச் சொல்லி நானே பிரித்தேன். பன்னிரண்டு துண்டுகளில் ஐந்து உருத் தெரியாமல் போயிருந்தன. தேறியவற்றை உப்புத்தாள் போட்டுத் தேய்க்கவில்லை. தேய்த்தால் தூள் பறக்கும். மென்மையாகத் துடைத்து, மேலே பூச்சுக் கொடுத்து மூடினோம். அரித்தவற்றை ஒரு கண்ணாடிக் குப்பியில் போட்டு எழுதி வைத்தோம்.

இல்லாத ஐந்துக்கு என்ன செய்வது? ஏணிப் படிகளும் கைப்பிடிகளும்தான் பெரும்பாலும். காரைக்குடியில் எனக்குத் தெரிந்த, நகை செய்யும் பத்தர் ஒருவரிடம் படத்தைக் காட்டினேன். "இது என்ன, பொம்மைக்கு மூக்குத்தியா?" என்றார். பித்தளையைக் கம்பி இழுக்கும் துளைப் பலகையில் போட்டு அரை மில்லிமீட்டருக்கும் கீழே இழுத்து, அரை மணி நேரத்தில் பதினாறு கைப்பிடிகளை வளைத்துக் கொடுத்துவிட்டார். கூலி வாங்கவில்லை. கிட்டிலிருந்து வந்ததைவிட அவருடையது நேர்த்தி என்று நான் சொன்னால் பழமை விரும்பிகள் கோபிப்பார்கள்.

எழுத்து ஒட்டும் தாள் அடுத்த சோதனை. தண்ணீரில் நனைத்து வழுக்கி ஒட்டும் வகை. வயதானால் பசையின்மேல் உள்ள படலம் நொறுங்கிவிடும். தேவையில்லாத ஒரு மூலை எழுத்தை முதலில் நனைத்துப் பார்த்தோம். நாலு துண்டாகச் சிதறியது. மீதித் தாள் முழுவதுக்கும் நிறமில்லா வார்னிஷ் மெலிதாக இரண்டு பூச்சுக் கொடுத்துக் காயவிட்டு, பிறகு ஒவ்வொரு எழுத்தாக வெட்டி நனைத்ததும் பிரியாமல் வந்தன. சோதிக்காமல் நனைத்திருந்தால் வண்டிக்குப் பெயரே இருந்திருக்காது.

வண்டியை ஆடியில் கட்டினோம். ஒட்டுவதற்கு ஃபெவிகால். மரத்துக்கு ஸ்பிரிட்டில் கரைத்த அரக்கு, வெளிப்பக்கம் மட்டும். இந்த "மட்டும்" என்பதற்குப் பிறகு வருகிறேன்.

பாலம்

பிஸ்கட் டப்பாவில் இருந்த நடைமேம்பாலத்தை ஆவணியில்தான் எடுத்தோம். நடுப்பாலமும் ஒரு படிக்கட்டும் ஒட்டியிருந்தன. ஒட்டியவருக்கு அந்தப் பசை புதிது என்பது தெரிந்தது; இணைப்புகளில் பிதுங்கி வழிந்து காய்ந்திருந்தது. படிக்கட்டு சாய்ந்து நின்றதால் கீழ்ப்படி தரையைத் தொடாமல் 3 மில்லிமீட்டர் தொங்கியது. பக்கப் பலகை ஒன்றில், இளகிய பிளாஸ்டிக்கில் பதிந்த பெருவிரல் ரேகை.

பிரித்து மறுபடி ஒட்டலாம் என்பது பையனின் கருத்து. எனக்கும் அதுவே. மரப்பசை இரண்டு பொருளுக்கு நடுவே நிற்கும். பிளாஸ்டிக் பசை அப்படியல்ல, இரண்டு முகங்களையும் கரைத்து ஒன்றாக்கிவிடும். ஆனாலும் பழைய இணைப்புகளைச் சில மணி நேரம் குளிர்பெட்டியின் உறைபகுதியில் வைத்து மெல்ல வளைத்தால் சில சமயம் விரிசல் விட்டுப் பிரியும். முயன்று பார்க்கலாம் என்று டப்பாவை எடுத்துக்கொண்டு சமையல்கட்டுக்குப் போனோம்.

மூத்தவரின் அத்தை, எண்பதைக் கடந்தவர், அப்போது ஊருக்கு வந்திருந்தார். அடுப்படியில் உட்கார்ந்திருந்தவர் டப்பாவைப் பார்த்ததும் கையை நீட்டினார்.

"ஆச்சி, ஐயா ஒட்டினது. கோணலாக இருக்கிறது, சரி செய்யப் போகிறோம். பாருங்கள், அவர் விரல்கூடப் பதிந்திருக்கிறது" என்றேன்.

வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தார். பிறகு தன் கட்டைவிரலை அந்த ரேகைமேல் வைத்தார். ஐயா அவருக்கு அப்பச்சி, அதாவது அப்பா.

"அப்பச்சி விரல் இவ்வளவு சின்னதாகவா இருக்கும்? இது நான் பிடித்தது, தம்பி. நான் பிடிக்க, அப்பச்சி பசை வைத்தார்கள். கை ஒட்டிக்கொண்டது, இழுத்தேன், படி சாய்ந்துவிட்டது. அதற்கு நான் வாங்கிய திட்டு..." என்று சொல்லிச் சிரித்தார். பட்டாலையில்தான் உட்கார்ந்து ஒட்டினார்களாம். காற்று அடித்தால் துண்டு பறக்கும் என்று ஐயா தன் மேல்துண்டைச் சுருட்டி அணை கட்டி வைத்திருப்பாராம். மறுநாள் காரைக்குடிக்குப் போய் ரயில் ஏறியவர், திரும்பி வந்தபோது பாலத்தைத் தொடவில்லை.

உறைபகுதியைத் திறக்கவே இல்லை. பிரிப்பதா வேண்டாமா என்று பிறகு யாரும் கேட்கவுமில்லை. மிச்சமிருந்த இரண்டாவது படிக்கட்டை ஒட்டிமுடிக்கலாமா என்று நான் ஆச்சியிடம் கேட்டேன். "அது எதற்குச் சும்மா கிடக்கிறது, ஒட்டுங்கள். இந்தப் பையன் பிடிக்கட்டும்" என்றார். பையன் பிடித்தான். நேராக நின்றது.

சாய்ந்த படிக்கட்டின் கீழே பேழையின் தரையை 3 மில்லிமீட்டர் உயர்த்திவிட்டோம். மண்மேடு மாதிரித் தெரிகிறது.

பின்விளைவுகள்

தையில் பேழை முகப்பில் இருந்தது. தகரப் பாதைத் துண்டுகளின் துருவை நீக்கி, அவற்றின்மேல் பக் நின்றது. ஓடாத எஞ்சினுக்கு மூன்று தண்டவாளம் இருந்தால் என்ன, நான்கு இருந்தால் என்ன. டேபோல் வார்ப்பில் வாங்கிய நடைமேடையில் ஓரப் பிசிறு நிறைய இருந்தது. அச்சு தேய்ந்தால் அப்படித்தான். பையன் இரண்டு ஞாயிற்றுக்கிழமை அரம் பிடித்தான். பின்சுவரில் பிரியாத உறைகள். பெயர்ப் பலகை செட்டிநாடு என்றே இருந்தது. விருந்தினரில் ஓய்வு பெற்ற ரயில்வேக்காரர் ஒருவர் அதைப் பார்த்துவிட்டு, அங்கே நடைமேம்பாலம் எப்போது கட்டினார்கள் என்று கேட்டார். மூத்தவர் என்னைக் கைகாட்டிவிட்டு நழுவினார்.

டிரங்குப் பெட்டி வியாபாரிக்குப் போகவில்லை. கட்டுப்பாட்டுப் பெட்டியைக் கம்பி இல்லாமல் அதிலேயே வைத்திருக்கிறார்கள். ஈய வார்ப்புக் குப்பி என் வீட்டில், குழந்தைகள் எட்டாத இடத்தில்.

இப்போது செய்வதாக இருந்தால்

வெயிலைப் பற்றி மறுபடி எழுதத் தேவையில்லை. கழுவிய துண்டுகளை இரண்டாம் கட்டு நிழலில் துணிமேல் பரப்பியிருந்தால் ஒரு மாதம் மிஞ்சியிருக்கும்.

வீட்டில் வயதானவர்களிடம் முதல் வாரமே பெட்டியைக் காட்டியிருப்பேன். நான் பெட்டிகளைப் படித்துத் தேதி கண்டுபிடித்துக்கொண்டிருந்தேன். கட்டும்போது உடன் இருந்தவர் ஒருவர் தொலைபேசி எட்டும் தூரத்தில் இருந்தார், கேட்கவில்லை. ஆச்சி அந்த மாதம் ஊருக்கு வராமல் இருந்திருந்தால் பாலம் குளிர்பெட்டியில் உடைந்திருக்கும்.

விளக்கத் தாள்களைத் தட்டையான கண்ணாடியின் அடியில் வைத்துத் தெளிவாகப் படம் எடுத்திருக்க வேண்டும். ராக்கெட்டின் தாளை மடிப்போடு விரித்தே படம் எடுத்தோம்; மடிப்பு விழுந்த வரியில் இரண்டு துண்டு எண்கள் தெரியவில்லை. மறுபடி விரித்தால் மடிப்பில் கிழியும் என்பதால் அப்படியே விட்டிருக்கிறோம்.

மரவண்டியில் அரக்கை உள்பக்கமும் பூசியிருக்க வேண்டும். ஒரு பக்கம் மட்டும் அடைத்த பலகை, மறுபக்கம் ஈரத்தை வாங்கும், விடும், அதற்கேற்ப வளையும். மரவேலை சொல்லித் தருகிறவனுக்கு இது தெரியாததல்ல. உட்புறம் யார் கண்ணுக்கும் தெரியப்போவதில்லை என்ற சோம்பல். ஐப்பசி மழையில் ஒன்றும் தெரியவில்லை. பங்குனி வெயிலில் கதவுக்குப் பக்கத்துப் பலகை சட்டத்தை விட்டு விலகத் தொடங்கியது. சித்திரையில் அளந்தபோது அரை மில்லிமீட்டர் இடைவெளி. கூரையைப் பிரிக்காமல் உள்ளே பூச வழியில்லை; கூரையைப் பிரித்தால் பத்தர் கைப்பிடிகளில் நான்கைக் கழற்ற வேண்டும். ஆடிக் காற்று அடங்கியதும் மறுபடி அளந்து எழுதச் சொல்லியிருக்கிறேன். பையன் இப்போது பதினொன்றாம் வகுப்பு. சனிக்கிழமைகளில் வீட்டுச் சாவி அவனிடம்தான் இருக்கிறது.